உதைக்கு முன்பே மூடிக்கொள்ளும் கண்கள்

லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் விஜி அக்காவுக்கு நாற்பது வயது. எடை நாற்பத்தெட்டு கிலோ. இவர் பெரிய வேட்டைத் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுவார் என்றால் எங்கள் தெருவிலேயே பாதிப்பேர் நம்புவதில்லை. நகருக்கு வடக்கே ஒரு தனியார் ரைபிள் கிளப்பில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறார். துப்பாக்கிகளைத் துடைத்து வைப்பது, டெலஸ்கோப் மாட்டிக் குறியைச் சரிசெய்வது, புதிதாக வருபவர்களுக்குச் சுடக் கற்றுத் தருவது எல்லாம் அவர்தான். ஒவ்வொரு வருடமும் கமிட்டி கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருட வேலை.

காட்டில் வேட்டையாடக் கூடாது என்று சட்டம் வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆனால் தாத்தா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. காட்டெருமையைச் சாய்ப்பதற்காகச் செய்த துப்பாக்கியால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நூறு மீட்டர் தள்ளி நிற்கும் காகிதத்தைச் சுடுகிறார்கள். காகிதம் ஓடாது, முட்டாது. அப்படியிருந்தும் பெரும்பாலும் அது பிழைத்துக்கொள்கிறது.

காரணம் உதை. பெரிய தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும். பழக்கமில்லாதவருக்கு அது மாடு முட்டியது போல் இருக்கும். ஒருமுறை இடி வாங்கிய உடம்பு அடுத்த முறை முந்திக்கொள்கிறது. விசையை அழுத்துகிற அந்தக் கணத்தில் கண் மூடிவிடும், தோள் முன்னால் தள்ளிவிடும், குழல் முனை கீழே இறங்கிவிடும். இவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோவதால் சுடுகிறவருக்கே தெரியாது. தோட்டா மண்ணில் போய்ப் புதையும். அவர் துப்பாக்கியைத் திட்டுவார்.

அக்காவுக்கு இது சொந்த அனுபவம். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது ஒரு முகாமில் பெரிய ராணுவத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். குப்புறப் படுத்து, அடிக்கட்டையைத் தோள்பட்டை எலும்பின் மேலேயே வைத்துச் சுட்டார். நாலு நாள் கையைத் தூக்கித் தலைவார முடியவில்லை. "அதுக்கப்புறம் துப்பாக்கியப் பாத்தாலே கண்ணு தானா மூடிக்கும்" என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பயந்ததை ஒத்துக்கொண்டதால் அவருக்குச் சரியாயிற்று. கிளப்பில் அந்த ஒத்துக்கொள்ளுதல்தான் யாரிடமும் கிடையாது.

ஷ்ரேயாஸ் என்றொரு மெம்பர். வயது முப்பத்திமூன்று. அவருடைய கொள்ளுத்தாத்தா மைசூர் அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். அப்பா வெங்கடராமன் கிளப் கமிட்டித் தலைவர். ஷ்ரேயாஸ் ஜிம்மில் நூறு கிலோ தூக்குவார், தூக்குவதைப் படமும் எடுத்துப் போடுவார். கொள்ளுத்தாத்தாவின் மேக்னம் என்கிற பெரிய தோட்டாத் துப்பாக்கியில் புது டெலஸ்கோப் வாங்கி மாட்டச் சொன்னார். அக்கா மாட்டி, தானே சுட்டுப் பார்த்துக் கொடுத்தார்.

"சார், அடிக்கட்டைய எலும்பு மேல வைக்காதீங்க. தோளுக்குள்ள ஒரு பள்ளம் இருக்கு பாருங்க, அதுல இறுக்கி வைங்க. கன்னம் கட்டை மேல இருக்கட்டும். கண்ண மட்டும் டெலஸ்கோப் கிட்ட கொண்டுபோகாதீங்க. முதல்ல சின்ன ட்வென்டி டூ ரைபிள்ல ஒரு மாசம்..."

"ட்வென்டி டூவா? அது ஸ்கூல் பசங்க சுடறது. எனக்கு எதுக்கு?"

"காதுக்குள்ள பஞ்சு வெச்சு, மேல காத மூடற மஃப் போட்டுக்கோங்க. சத்தத்துலதான் பாதி பயம் வருது."

"யாருக்குப் பயம்? நீ லோட் பண்ணிக் குடு, போதும்."

ஒரு விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கிளப்பில் மெம்பர்கள் தங்கள் துப்பாக்கியில் தாங்களே தோட்டா போட மாட்டார்கள். கையை நீட்டினால் வேலையாள் நிரப்பித் தர வேண்டும். வீட்டில் காப்பி டம்ளர் வருவது போல. உள்ளே என்ன போகிறது என்று குனிந்துகூடப் பார்ப்பதில்லை. இதை அவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் தெரிகிறது.

கிளப்பின் ஆண்டுவிழாப் போட்டியில் ஷ்ரேயாஸ் பத்து முறை சுட்டார். பத்தும் காகிதத்துக்குக் கீழே மண்ணில். கடைசிச் சுடுதலில் டெலஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் அடித்துப் பிறை போல ஒரு வெட்டு. பிரேசர் டவுனில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று தையல் போட்டுக்கொண்டு வந்து கமிட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். டெலஸ்கோப்பை விஜி தப்பாக மாட்டியிருக்கிறாள், ஆளை மாற்ற வேண்டும். இரண்டே வரி. அந்த மாதம்தான் அக்காவின் வேலையை நீட்டிக்கக் கமிட்டி கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அக்காவின் மகள் ரக்ஷிதா அப்போது பியூசி இரண்டாம் வருடம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை.

கிளப்பின் செயலாளர் நாணு கொஞ்சம் நியாயமான மனிதர். விசாரிக்காமல் அனுப்ப முடியாது என்றார். அக்கா அவரிடம் போய் ஒன்று கேட்டார்.

"சார், எல்லார் முன்னாடியும் அவர் அஞ்சு தடவ சுடட்டும். நடுவுல ஒரு டம்மி போடறேன்." டம்மி என்றால் பார்க்க அசல் தோட்டா போலவே இருக்கும், உள்ளே மருந்து கிடையாது.

"அவர்கிட்ட முதல்லயே சொல்லிடணும் இல்லையாம்மா?"

"சொன்னா உடம்பு உஷாராயிடும் சார். அப்புறம் எதுவும் தெரியாது."

"லோட் பண்றப்ப பாத்துட்டாருன்னா?"

"அவர் என்னிக்கு சார் பாத்தாரு?"

நாணு சிரித்துவிட்டாராம்.

நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதையும், காகித இலக்கை மாற்றும் கோவிந்தப்பா சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பேர் கூடியிருந்தார்கள். ஷ்ரேயாஸ் மேசையில் உட்கார்ந்து வழக்கம் போல் கையை நீட்டினார். முதல் இரண்டும் அசல் தோட்டா. இரண்டும் மண்ணில். "பாத்தீங்களா? நான் நடுவுலதான் எய்ம் பண்றேன்" என்றார்.

மூன்றாவது, டம்மி. 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை. வெடிச் சத்தம் இல்லை, புகை இல்லை, உதையும் இல்லை. ஆனால் ஷ்ரேயாஸின் கண்கள் இறுக மூடியிருந்தன. தோள் முன்னால் பாய்ந்தது. குழல் முனை ஒரு சாண் கீழே இறங்கியது. வாயிலிருந்து 'ஹக்' என்று ஒரு சத்தம்கூட வந்தது. வராத உதையை அவர் முழுசாக வாங்கிக்கொண்டார். பிறகு தோளைத் தடவிக்கொண்டார் என்கிறார் கோவிந்தப்பா. அப்படியெல்லாம் இல்லை என்கிறார் அக்கா. நான் கோவிந்தப்பா சொல்வதை நம்ப விரும்புகிறேன்.

"அய்யோ குரு, துப்பாக்கி சும்னே இருக்கு, இவரு எதுக்கு குதிச்சாரு?" என்று கோவிந்தப்பா கன்னடம் கலந்த தமிழில் சத்தமாகவே கேட்டார். யாரும் அவரை அடக்கவில்லை.

"இது சீட்டிங்! தோட்டா சரியில்ல!" ஷ்ரேயாஸ் எழுந்துவிட்டார்.

"தோட்டா சரியில்லதான் சார். நானும் அக்காவும் சேர்ந்து போட்டது" என்றார் கோவிந்தப்பா. அவர் போடவில்லை, பெருமையில் பங்கு கேட்டார்.

நாணு மூன்று அசல் தோட்டாக்களை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அதே துப்பாக்கி, அதே டெலஸ்கோப். அக்கா உட்காரவில்லை, நின்றுகொண்டு சுட்டார். உட்கார்ந்தால் உடம்பு நகர இடமிருக்காது, இடி முழுவதும் தோளிலேயே தங்கிவிடும். நின்றால் உடம்பு கொஞ்சம் பின்னால் போய் இடியை வாங்கிக்கொள்ளும். காலை அகட்டி, சற்று முன்னால் சாய்ந்து, விசையை மெதுவாக அழுத்தினார். எப்போது வெடிக்கும் என்று தனக்கே தெரியாத மாதிரி அழுத்த வேண்டுமாம். அந்த நாற்பத்தெட்டு கிலோ உடம்பு ஒவ்வொரு முறையும் ஓரடி பின்னால் போய்த் திரும்பி வந்தது. காகிதத்தில் மூன்று ஓட்டை. உள்ளங்கையால் மூடிவிடலாம்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஷ்ரேயாஸின் அப்பா வெங்கடராமன் அக்காவைத் தனியே கூப்பிட்டார்.

"என்னம்மா, பையன் எல்லார் எதிர்லயும் அவமானப்பட்டுட்டான். நீ ஒரு வரி எழுதிக் குடுத்துடு. டெலஸ்கோப் கொஞ்சம் அசைஞ்சிருந்தது, இப்ப சரி பண்ணியாச்சுன்னு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

"அசையலயே சார்."

"அது எனக்கும் தெரியறதும்மா."

"அப்படி எழுதிட்டா, நாளைக்கு நான் மாட்டின எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. என் வேலையே அந்த நம்பிக்கைதான் சார். அது போனப்புறம் நீங்க எதைப் பாத்துக்கப் போறீங்க?"

"அப்ப கமிட்டிதான் முடிவு பண்ணணும்."

"பண்ணட்டும் சார்."

ஒரு வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை என்று ரக்ஷிதா சொன்னாள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் வேலை கேட்டுவிட்டும் வந்தார். கமிட்டிக் கூட்டத்தில் நாணு அந்த மூன்று ஓட்டைக் காகிதத்தை மேசை மேல் விரித்து வைத்தாராம். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வேலை மேலும் ஒரு வருடம் நீட்டிக்கப்படுகிறது. அவ்வளவுதான். வருத்தம் என்றோ தவறு என்றோ ஒரு சொல் இல்லை. படித்தவர்கள், பரம்பரைக்காரர்கள், ஒரு சொல்லுக்கு இவ்வளவு பஞ்சம். ஷ்ரேயாஸ் அந்தப் பக்கம் வருவதில்லை. இப்போது கோல்ஃப் ஆடுகிறாராம். அதில் உதை இல்லை.

அதன் பிறகுதான் வேடிக்கை. மெம்பர்கள் ஒவ்வொருவராக, மற்றவர் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காவிடம் வந்தார்கள். "விஜி, யாருக்கும் சொல்லாத. எனக்கும் ஒரு டம்மி போட்டுப் பாரேன்." அக்கா எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னார். தனியாக முடியாது. ஞாயிறு ஒன்பது மணிக்கு, எல்லோர் எதிரிலும், முதலில் சின்ன ரைபிளில். நாலு பேர்தான் வந்தார்கள். பயிற்சிக்கு வரும் என்.சி.சி. பள்ளிப் பெண்கள் படுத்திருக்கும் வரிசையில், அவர்கள் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தார்கள்.

நாலாவது ஆள் வெங்கடராமன். அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலியோடு மெல்லப் படுத்தார். அக்கா தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். 'டிக்'.

"மூடினேனா?" என்று கேட்டார்.

"மூடினீங்க சார்."

பக்கத்துப் பாயில் ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். வெங்கடராமன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

"இன்னொண்ணு போடும்மா" என்றார்.