கத்தரித்த துண்டில் இருந்த எண்

‘காலை 9.10. காற்று எச்சரிக்கை இல்லை. பலகையில் ஒட்டினேன்.’ போன ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றுக்கு என் குறிப்பேட்டில் உள்ள முதல் வரி இது. அடுத்தது 9.25க்கு, ஒரே சொல்: ‘தவறு.’

திரேஸ்புரத்தில் ஒரு மீனவர் சங்க அலுவலகத்தில் நான் எழுத்தர். தினமும் வானிலை அறிக்கையை இணையத்தில் எடுத்து, அச்சிட்டு, வாசல் பலகையில் ஒட்டுவேன். பலகை சிறியது; ஆகவே தாளின் தலைப்பைக் கத்தரித்துவிடுவேன். தேநீர் குடித்தபின், அந்தத் துண்டிலுள்ள அறிக்கை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது வழக்கம்.

அன்று எழுதப்போனால், எண் முந்தின நாளுடையதைவிடச் சிறியது! தேதியும் பத்து நாள் பழையது. பக்கத்துக் கணினியில் திறந்தேன். அதே பழைய பக்கம். கைபேசியின் சொந்த இணைப்பில் திறந்தேன்: பலத்த கச்சான் காற்று, யாரும் கடலுக்குப் போக வேண்டாம். கச்சான் கரையிலிருந்து வீசும். வள்ளத்தை வெளிக்கடலுக்குத் தள்ளிவிடும்.

ஓடிப்போய்த் தாளைக் கிழித்தேன். ஒலிபெருக்கியில் கத்தினேன். ஆனால் ஒரு வள்ளம் அந்தத் தாளை நம்பி ஆறு பேரோடு கிளம்பியிருந்தது. நாலாவது முறைதான் வள்ளக்காரர் போனை எடுத்தார்.

“காத்து இல்லன்னு ஒட்டுனீரு, இப்ப இருக்குன்னு சொல்லுதீரு. கடலு என்ன, உம்மகிட்ட கேட்டா வீசுது?”

“அண்ணாச்சி, நான் ஒட்டுனது பழைய தாளு. தப்பு எம்மேலதான். திரும்பிருங்க.”

இஞ்சின் சத்தத்துக்கு மேலே யாரிடமோ, “ஏலே, திருப்புலே” என்றார்.

பதினொரு மணிக்கு ஆறு பேரும் கரையேறினார்கள். பன்னிரண்டுக்கெல்லாம் புதிதாக ஒட்டிய தாளையே காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

பிற்பகலில் எங்கள் கணினிகளைப் பராமரிக்கும் பெண் வந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். எங்கள் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவே ப்ராக்ஸி என்றொரு மென்பொருள் இருக்கிறது. ஒருமுறை வாங்கிய பக்கத்தின் நகலைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும். அதிலிருந்த ஓட்டை வழியாக பக்கம் கேட்பதுபோல் வெளியாள் எவரோ அனுப்பிய கோணலான கோரிக்கை ஒன்று, அன்றைய அறிக்கையின் முகவரியில் பழைய அறிக்கையைச் சேமிக்க வைத்துவிட்டது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்து மூன்று வாரமாகிறதாம். குறிப்பேட்டைப் புரட்டினேன். அவர் அப்போதே சொன்னது இருந்தது: ‘ப்ராக்ஸியைப் புதுப்பிக்கச் சொல்கிறார். பிறகு.’

இப்போது பெரிய பலகை வாங்கிவிட்டோம், தலைப்பைக் கத்தரிப்பதில்லை. அந்தக் கோரிக்கையை அனுப்பியது யார், எங்களைக் குறிவைத்துத்தான் அனுப்பினாரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. குறிப்பேட்டில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ‘பிறகு’ என்று எழுதியது யாருடைய கை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.