கசெற்றுக்குள் இருந்த கணினி

செத்துப்போன கணினியை மடிக்கணினிக்குள் திரும்ப நடக்கவைப்பதும் ஒரு தொழில்தான் என்று நான் சொன்னால், நல்லூரில் என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் தங்கள் வீட்டு அலுமாரியை யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

நான் கணினி திருத்துகிறவள். தேத்தண்ணி ஊற்றுப்பட்ட விசைப்பலகையும் அச்சடிக்க மறுக்கிற பிறின்ரரும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் நாற்பது வருடத்துக்கு முந்திய வீட்டுக் கணினிகள் என்று ஒரு சாதி உண்டு. தொலைக்காட்சியில் பொருத்தி, பாட்டுக் கசெற்றில் இருந்து நிரலை ஏற்றுகிற சின்னப் பெட்டிகள். அவற்றைப் போலவே புதிய கணினியை நடிக்கவைக்கும் மென்பொருளுக்கு எமுலேற்றர் என்று பெயர். அதோடு மல்லுக்கட்டி, உதவிக்கு ஆளைத் தேடி, பதில் வராத பக்கங்களைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், உங்களுக்கு இங்கே ஒரு கூட்டாளி இருக்கிறாள்.

கெட்டுப்போன பாட்டு

குருநகர் மரியதாஸ் அண்ணை ஒரு கசெற்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும், கடற்றொழில். அவருடைய மூத்த அண்ணன் கப்பலில் வேலை செய்தவர். ஒருமுறை லீவில் வந்தபோது றப்பர் விசைகள் வைத்த சின்னக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து, லீவு முழுக்க அதில் எதையோ எழுதிக்கொண்டே இருந்தாராம். மரியதாஸ் அண்ணை அப்போது மன்னாரில் தொழில் செய்தார். மூத்தவர் அடுத்த பயணத்தில் காய்ச்சல் கண்டு கப்பலிலேயே காலமாகிவிட்டார். கணினி யுத்தகால இடம்பெயர்வில் போனது. கசெற் மட்டும் தங்கை யசிந்தாவின் பெட்டியில் கிடந்திருக்கிறது. பாட்டுப் பதிகிற கடையில் கொடுத்தபோது, இது ஒரே கீச்சுச் சத்தம், கணினிக்காரியிடம் காட்டுங்கள் என்று என்னிடம் அனுப்பிவிட்டார்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தை ஒளிக்கப்போவதில்லை. கடையில் கிடந்த பழைய பிளேயரில் கசெற்றைப் போட்டேன். அரை நிமிடம் கீச்சிட்டது. பிறகு நாடாவைத் தின்னத் தொடங்கிவிட்டது. பதறி நிறுத்தி, மெல்ல மெல்ல இழுத்து எடுத்தபோது ஒரு விரல் நீளத்துக்கு நாடா கசங்கிப்போயிருந்தது. அண்ணை என்னை ஏசவில்லை. கசெற்றை என் மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினார்.

"யசிந்தாவுக்குப் பிறந்ததிலையிருந்து காது கேளாது பிள்ளை. உந்தக் கசெற்றை ஏன் இவ்வளவு காலமும் வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டால் எழுதிக் காட்டுறாள், எனக்கெண்டால் வாசிக்கத் தெரியாது."

கேள்வி கேட்கத் தெரிய வேணும்

பழைய கணினிப் பைத்தியங்கள் கூடுகிற இணைய மன்றம் ஒன்றில் சேர்ந்து, "கசெற் ஏறவில்லை, உதவுங்கள்" என்று எழுதினேன். நீங்களும் இப்படி எழுதியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். என்ன கணினி, எந்த எமுலேற்றர், எத்தனையாவது பதிப்பு, எப்படிப் பதிந்தாய், திரையில் என்ன வந்தது என்று கேள்விகள் வந்து விழுந்தன. நாங்கள் என்ன குறி சொல்கிற சாத்திரிமாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். வெட்கத்தில் மடிக்கணினியை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, முதலில் இருந்து எல்லாவற்றையும் எழுதினேன்: கப்பல்காரர், றப்பர் விசைகள், நாடாவைத் தின்ற என் பிளேயர், எல்லாம். ஸ்கொட்லாந்தில் தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் பதில் போட்டார். அந்தப் பிளேயரைத் தொடாதே. நல்ல றெக்கோடர் ஒன்று தேடு. நாடாவை வாசிக்கிற தலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், சத்தம் கூர்மையாகும்வரை அதை ஒரு மயிரளவு திருப்பு. ஒரே ஒருமுறை பதிந்து எனக்கு அனுப்பு. கடைசி வரியில் இப்படி இருந்தது:

"செய்த பிழையையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். இங்கே பாதிப் பேர் அதை எழுதுவதில்லை, அதனால் பாதிக் கசெற்றுகள் ஏறுவதில்லை."

அச்சுவேலி றெக்கோடர்

நல்ல கசெற் றெக்கோடர் இப்போது யாரிடம் இருக்கிறது? விசாரித்து விசாரித்து, அச்சுவேலியில் வெங்காயத் தோட்டம் செய்கிற வேலாயுதம் ஐயாவிடம் போய்ச் சேர்ந்தேன். கரன்ற் இல்லாத வருடங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட பெட்டி அது. இன்னமும் உறை போட்டு வைத்திருந்தார். இரவல் தரமாட்டேன் என்றார். நான் முகம் வாடி எழும்ப, "ஆனால் நானும் கூட வருவன்" என்றார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

நான் திருப்புளியை எடுத்ததும் கண்களை இறுக்கி மூடிக்கொண்டார். திருகாணியை மெல்லத் திருப்பினேன். மூக்கடைத்தவர் கதைப்பதுபோல் இருந்த கீச்சு, துலக்கமாக எழும்பியது. ஆறு நிமிடம் பதிந்தேன். கசங்கிய இடம் வந்தபோது சத்தம் ஒரு கணம் அமிழ்ந்து எழுந்தது. என் நெஞ்சும் அப்படியே. முடிந்ததும் ஐயா பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"எத்தினை பாட்டைப் பாடின பெட்டி பிள்ளை, உந்தக் கத்தலைக் கேட்டு அதுவே பயந்துபோச்சு."

காங்கேசன்துறைத் தம்பதி

ஸ்கொட்லாந்துக்காரர் பதிவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், இந்தக் கதை எப்படியோ வெளியில் பரவி, கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் வந்தார்கள். எழுபது கடந்தவர்கள், ஒருகாலம் காங்கேசன்துறையில் இருந்தவர்கள். வீட்டில் ஒரு கணினி வைத்து, இரண்டு பேரும் பந்தடிக்கிற விளையாட்டு ஒன்றில் பின்னேரம் தோறும் போட்டி போடுவார்களாம். வீட்டை விட்டு ஓடிய அன்றும் ஒரு ஆட்டம் பாதியில் நின்றிருக்கிறது. யார் வென்றிருப்பார் என்று இன்றுவரை சண்டை. விளையாட்டின் பெயர் இருவருக்கும் நினைவில்லை. மன்றத்தில் நான் பந்தின் நிறத்தையும் பின்னணிச் சத்தத்தையும் விவரித்து எழுத, ஒரு மணித்தியாலத்தில் யாரோ பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

ஏற்றிக் கொடுத்தேன். தொடங்குமுன்னமே ஆட்டம் முடிந்துவிட்டது. திரும்பவும் அப்படியே. அந்த அம்மா என்னைத் தயக்கமாகப் பார்த்தா. "எங்களுக்கு வயசு போனதாலையோ பிள்ளை இவ்வளவு வேகமாத் தெரியுது?" பிழை என்னுடையதுதான், எமுலேற்றரைப் பழைய வேகத்துக்குக் கட்டிவைக்காமல், மடிக்கணினி ஓடுகிற ஓட்டத்துக்கே விட்டிருந்தேன். சரிசெய்ததும் இருவரும் ஒரே விசைப்பலகையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாடினார்கள். மூன்று ஆட்டமும் அம்மாதான் வென்றா. கணவர் என் பக்கம் திரும்பி, தோற்ற முகமே இல்லாமல் சொன்னார்:

"பாதியிலை நிண்ட ஆட்டத்திலையும் இவதான் வெண்டிருப்பா. நான் சும்மா சண்டைக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான்."

எல்லாம் சரி, ஆனால்

லண்டனில் இருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவருக்கு, அவர் அங்கே போன புதிதில் வைத்திருந்த கணினியை அப்படியே திரையில் எழுப்பிக் கொடுத்தேன். அதே நீலத் திரை, அதே எழுத்து, அதே மினுங்குகிற சதுரம். அவர் மடிக்கணினியின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தனி அறையில், ஹீற்றர் போட வசதியில்லாத குளிர்காலத்தில், அந்தப் பெட்டியின் மேல்தான் கையை வைத்துச் சூடாக்குவாராம்.

"எல்லாம் அப்பிடியே இருக்கு தங்கச்சி, சூடுதான் வரேல்லை."

யசிந்தாக்கா

பதினொரு நாள் கழித்து ஸ்கொட்லாந்துக்காரரிடம் இருந்து கோப்பு வந்தது. கசங்கிய இடத்தில் சத்த அலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையால் நிரப்பியிருந்தார். நிரப்ப முடியாத சில இடங்களை வெறுமையாக விட்டிருக்கிறேன், மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார். நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. மரியதாஸ் அண்ணைக்குச் சொன்னேன். அவர் யசிந்தாக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஏற்றத் தொடங்கினேன். கீச்சுச் சத்தத்துக்கு மரியதாஸ் அண்ணை முகத்தைச் சுளித்தார். யசிந்தாக்காவுக்கு அது கேட்கவில்லை. ஆனால் திரையின் கரைகளில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடியதைக் கண்டதும் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டா. கோடுகள் நின்றன. திரை வெறுமையானது. பத்து விநாடி, இருபது விநாடி. ஒன்றுமில்லை. போய்விட்டது, நான் கசக்கிய இடம்தான் என்று நினைத்து மூடப்போனேன். யசிந்தாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. மற்றக் கை விரல்களைக் குவித்து, பொறு என்று அசைத்தா. அந்த வெறுந்திரையை அவவுக்குத் தெரியும்.

பிறகு ஒரு 'ந' வந்தது. தமிழ் தெரியாத அந்தக் கணினிக்குள், புள்ளி புள்ளியாக அடுக்கிச் செய்த 'ந'. பக்கத்தில் ஒரு நண்டு. பிறகு 'இ', இறால். 'வ', வலை. பள்ளிக்கூடம் சேர்க்காத தங்கைக்கு, அவள் நாளாந்தம் காண்கிற பொருட்களாகப் பார்த்து, அண்ணன் எழுத்துப் பழக ஓர் அரிவரி செய்து வைத்திருந்தார். படத்தை மட்டும் காட்டி எழுத்தைக் கேட்டது திரை. மூத்தவர் விசைகளில் கடதாசி வெட்டித் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தார் என்று யசிந்தாக்கா பிறகு எழுதிக் காட்டினா. என் விசைப்பலகையில் அது இல்லை. யசிந்தாக்காவின் விரலுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஒவ்வொரு சரிக்கும் 'கெட்டிக்காரி' என்று திரையில் எழுத்து ஊர்ந்து வந்தது. மரியதாஸ் அண்ணை அதை வாசிக்க முடியாமல் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். அவர் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கடைசியாக வந்த 'ழ'வில் கீழ்ச்சுழி இல்லை. பாதியில் வெட்டுண்டு நின்றது. ஒரு தாளை எடுத்து, இது என் பிளேயர் தின்ற இடம், என் பிழை, புள்ளிகளைச் சேர்த்து நான் சரியாக்கித் தருகிறேன் என்று எழுதி நீட்டினேன். யசிந்தாக்கா வாசித்தா. சிரித்தா. என் பேனையை வாங்கினா. எழுதிய எழுத்தில் ஒவ்வொரு 'ழ'வும் கீழ்ச்சுழி இல்லாமல்தான் இருந்தது:

"பிழை உங்களுடையது இல்லை. மூத்த அண்ணை 'ழ' எழுதுவது இப்படித்தான், நானும் அப்படித்தான் பழகினேன். திருத்த வேண்டாம்."

என் கடை வாசலில் 'சகல கணினிகளும் திருத்திக் கொடுக்கப்படும்' என்று பலகை தொங்குகிறது. அந்தச் 'சகல'வை மட்டும் அழித்துவிடலாமா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.