நாலு கோரா, ரெண்டு கோரா

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, கோடை விடுமுறை முழுவதும் எங்கள் வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. இரண்டையும் நான் தொடக் கூடாது.

துடியலூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மேல் அவை பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மானிட்டர், ஒரே கீபோர்டு. தூசி படாமலிருக்க அப்பாவின் பழைய வேட்டியை மேலே போர்த்தியிருந்தோம். நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கம்ப்யூட்டர் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் வந்துவிட்டது. அம்மா அவளுடைய தம்பிக்குப் போன் செய்தாள். மாமா அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில் ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். இதில் ஒரு சிக்கல் இருந்தது. மூன்று வருடங்களாக மாமாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. எனக்குக் காது குத்திய அன்று விருந்தில் மாமா வீட்டாருக்கு முதல் பந்தியில் இலை விழவில்லை. அப்பா கவனித்திருக்க வேண்டும் என்றார் மாமா. சொல்லியிருந்தால் கவனித்திருப்பேனே என்றார் அப்பா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு மாமா எங்கள் வாசல்படி ஏறவில்லை.

அக்கா கூப்பிட்டதற்காக வந்தார். தெரிந்த கடைக்காரர் ஒருவரிடமிருந்து இரண்டு பழைய பெட்டிகளைக் கொண்டுவந்தார். பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒன்றின் பிராசசரில் நாலு கோர், அதாவது நாலு மூளை மாதிரி, ஆனால் ஒவ்வொன்றும் சற்று மெதுவானது. மற்றதில் ரெண்டே கோர், வேகம் அதிகம். இரண்டுமே சந்தைக்கு வந்து பல வருடமாகி, ஒரு கை மாறி வந்தவை. விலையில் பெரிய வித்தியாசமில்லை. அன்றைக்கே ஒன்றைத் தொட்டுக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

ஆனால் என் அப்பா மோட்டார் பம்ப் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். அளந்து எழுதாத எதையும் அவர் நம்பமாட்டார்.

"அம்மணி, உங்க மாமங்கிட்டக் கேளு. நாலு கோர் இருந்தா கரண்டு எத்தன இழுக்கும்னு" என்றார். மாமா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

"உங்கப்பாகிட்டச் சொல்லு கண்ணு. கரண்டு கொஞ்சம் சேத்தித்தான் இழுக்கும், வேலையும் சேத்திச் செய்யும்னு."

"ரெண்டு கோர்ல படக்குனு தொறக்குதுன்னு சொல்லு."

"தொறந்தாப் போதுமாங்கன்னு கேளு."

நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். அவர்கள் இருவருக்கும் காது நன்றாகவே கேட்டது. கழுத்து வலித்தது எனக்குத்தான்.

கடைசியில் ஞாயிறுதோறும் மாமா வருவது, இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது, அப்பா நோட்டில் எழுதுவது என்று முடிவானது. டெஸ்ட் முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று அப்பா உத்தரவு போட்டார். "கேம் கீம்னு எதையாச்சும் ஏத்திப்போட்டா ரீடிங் மாறிப்போகும்" என்றார்.

ஆன் செய்ததிலிருந்து திரை வருவதற்கு எத்தனை விநாடி என்று முதலில் பார்த்தார்கள். அதில் ரெண்டு கோர் ஜெயித்தது. அப்பா பேனாவை மூடி வைத்த விதத்திலேயே அவர் மனசு எந்தப் பக்கம் என்று தெரிந்தது. இது ஒரு டெஸ்ட்டே இல்லை என்றார் மாமா. பெரிய வீடியோ ஒன்றை வேறு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால்தான் பிராசசரின் யோக்கியதை தெரியும், வீட்டில் ஏதாவது சிடி இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.

வீட்டில் ஒரே ஒரு சிடிதான் இருந்தது. என் காதுகுத்து.

எனக்கு மிகவும் தாமதமாக, ஒன்பது வயதில்தான் காது குத்தினார்கள். தாராபுரம் பக்கத்தில் எங்கள் குலதெய்வம் கோயிலில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, மாமா மடியில் உட்கார்ந்து நான் கதறுவதை வீடியோக்காரர் ஒரு விநாடிகூட விடாமல் எடுத்திருந்தார். அதைத்தான் அந்த இரண்டு பெட்டிகளும் மாறி மாறி அரைத்தன. நாலு கோர் அரை மணி நேரத்தில் முடித்தது. ரெண்டு கோர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மாற்றிய வீடியோ சரியாக ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டுமாம். ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நான் இரண்டு முறை கதறினேன்.

அப்போதெல்லாம் கோவையில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது ஞாயிறு, தொண்ணூறு சதவீதம் முடிந்திருக்கையில் போய்விட்டது. மின்விசிறி நின்றது. நான் தூது சொல்லச் சொல்ல அலுத்துப்போய் மாடிக்குப் போய்விட்டிருந்தேன். இறங்கி வரும்போது அப்பாவின் குரல் கேட்டது.

"வீடியோவுல பூசாரி மந்திரத்தப் பாதில விட்டுப்போட்டு போன் பேசறாரு, பாத்தீங்களா மாப்ள?"

"பாக்காமயா மச்சான்? போன வாரமே பாத்துப்போட்டேன்."

இருவரும் சிரித்தார்கள். ஆகா, பேசிக்கொண்டார்கள், இனி சீக்கிரம் முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். என்னைப் போன்ற மடச்சி இல்லை. நேரடியாகப் பேச ஆரம்பித்த பிறகு சண்டை இரண்டு மடங்கானது. சூட்டை அளக்க அப்பா கம்பெனியிலிருந்து தெர்மாமீட்டர் கொண்டுவந்தார். மீட்டர் ரீடிங் எடுக்க அம்மாவை பிரிட்ஜை அணைக்கச் சொன்னார். பால் திரிந்தது. ஐந்தாவது ஞாயிறன்று மாமா எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். வெயில் ஏறிவிட்டதால் பழைய ரீடிங் செல்லாதாம். அப்பா மறுக்கவில்லை. புது நோட்டு வாங்கினார். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது.

மறுநாள் காலை அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அப்பா சொல்லச் சொன்னாருங்க. நாலு கோரே போதுமாமுங்க. இன்னொண்ண எடுத்துட்டுப் போயிருங்க."

"அப்பாடா" என்றார் அவர். அடுத்த அரை மணியில் வண்டியில் ஆள் வந்து எடுத்துப்போய்விட்டார். பிராசசரைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. நாலு கோர் பெட்டியின் முன்னால் நீல விளக்கு எரியும். அதனால் அது இருக்கட்டும் என்று விட்டேன்.

கடைக்காரர் எடுத்துப்போய்விட்டார் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். மாலையில் வந்த அப்பா, காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். போனது அவர் கட்சிப் பெட்டி. கடைக்காரர் மாமாவின் ஆள். மாமாதான் எடுக்கச் சொல்லியிருப்பார் என்று அப்பா போட்ட கணக்கு முகத்திலேயே தெரிந்தது. கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை.

ஞாயிறன்று மாமா உள்ளே வந்ததும், "சொல்லிப்போட்டு எடுத்திருக்கலாமுங்க" என்றார் அப்பா. எங்கள் ஊரில் கோபம் கூடக்கூட மரியாதையும் கூடும். "நானெதுக்குங்க எடுக்கறேன்? என்ற மேல சந்தேகமுங்களா?" என்றார் மாமா. "நான் ஒண்ணும் சொல்லலீங்க." "செரிங்க." அம்மா காப்பியோடு வருவதற்குள் மாமாவின் செருப்பு வாசலில் இல்லை. அம்மா அந்தக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டதே. அடுத்த இரண்டு ஞாயிறும் அதில் கார் கேம் ஏற்றி ஓட்டினேன். இரண்டாவது ஞாயிறு, அப்பா எனக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"அம்மணி, அந்த ரெண்டு கோர வித்திருப்பாங்களா? இருக்குமா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான். வெச்சு ஒருக்கா பாக்கலாம்னு."

என்னால் தாங்க முடியவில்லை. "நாந்தாம்ப்பா போன் பண்ணி எடுக்கச் சொன்னேன்! மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல முடிக்கமாட்டீங்க!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா என்னைத் திட்டவில்லை. "மாமன் எடுக்கச் சொல்லலியா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு மாமாவின் நம்பரை என்னைப் போடச் சொன்னார். அவர் போனில் அந்த நம்பர் இல்லை.

"மாப்ள... நாந்தான். சாப்டாச்சுங்களா?" அப்பாவின் கண் அறை முழுவதும் சுற்றி கம்ப்யூட்டரில் வந்து நின்றது. "ஒண்ணுமில்ல, இந்த நாலு கோருக்கு ராம் மெமரி பத்தாதாட்டத் தெரியுது. வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போறீங்களா?"

அன்னூரிலிருந்து மாமா ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து இரண்டு ராம் கார்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டும் வேறு வேறு. "ரெண்டையும் போட்டுப் பாத்துத்தான் மச்சான் சொல்ல முடியும்" என்றார். அப்பா புது நோட்டைத் தேடினார். ஓடிக்கொண்டிருந்த என் காரை நிறுத்தி, கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைக் கழற்றிவிட்டார்கள். நான் அழுதேன்.

அம்மா உள்ளே கூப்பிட்டாள். பொய் சொன்னால் அம்மாவிடம் கரண்டிக் காம்பால் அடி உறுதி. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றேன். அவள் கரண்டியை எடுக்கவில்லை. என் தலையை இழுத்து வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். ஈரப் புடவை கன்னத்தில் ஒட்டியது. ஹாலில், "அளந்து பாக்காம எப்படிச் சொல்றீங்க மாப்ள?" என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார். அங்கே என் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், போய்த் தடுக்காமல் இவள் எதற்கு என்னை இப்படிப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. திமிறிப் பார்த்தேன். அம்மா விடவில்லை.