கூட்டல் கழித்தல் கால் அங்குலம்

காலை ஏழு மணிக்கு ராமாமணியிடம் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. அந்த நேரத்தில் அவளுடைய உதடுகளுக்கிடையே நான்கு ஊக்குகள் இருக்கும். பீரோக் கண்ணாடியில் மேல்பாதியைப் பார்த்துவிட்டு, முக்காலியில் ஏறி நின்று கீழ்ப்பாதியைப் பார்ப்பாள். முந்தானைக்கு ஐந்து மடிப்பு, ஒவ்வொன்றும் நான்கு விரல் அகலம். ஐந்தாவது மடிப்பு அரை விரல் கூடிவிட்டால் ஐந்தையும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்று முறை கூவி அடங்கும்வரை இந்த வேலை நடக்கும்.

கணவர் ரங்கராஜ் போத்தனூரில் ரயில்வே சிக்னல் பிரிவில் இருக்கிறார். சிவப்பா பச்சையா என்று அரை மைலுக்கு அப்பாலிருந்து சொல்லிவிடுவார். நாலடி தூரத்தில் நிற்கும் மனைவி என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள் என்று கேட்டால் மட்டும் திணறுவார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு" என்பார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அவள் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவள் உடுத்துவது அவருக்காக அல்ல. பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியின் முன்கூடத்துக்காக.

அங்கே டெலிபோன் போர்டும் வரவேற்பு மேஜையும் அவளுடையவை. பர்சனல் மேனேஜருக்குச் சுருக்கெழுத்தும் எடுப்பாள். பதினொரு வருஷ சர்வீஸ். வயதைச் சொல்லமாட்டாள்.

ராமாமணியின் வித்தையில் எதையும் குற்றம் என்று சுட்ட முடியாது, அதுதான் அதன் விசேஷம். நெகமம் பருத்திச் சேலை, கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கூட அதைவிட அடக்கமாகக் கட்டிவிட முடியாது. கழுத்தில் மெல்லிய சங்கிலி. அதன் டாலர் ரவிக்கைக்குள் போய்விடும். அது என்ன டாலர் என்று விற்பனைப் பிரிவே பல வருஷங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர் காரமடை ரங்கநாதர். மல்லிகை இரண்டே கண்ணி. அதையும் உச்சியில் வைக்காமல் பின்னலுக்கு அடியில், காதோரமாகச் செருகுவாள். போர்டில் ஒயரைச் செருகத் திரும்பும்போது மட்டும் பூ தெரியும், அடுத்த கணம் மறையும். தளர்ந்த பின்னல் நடுமுதுகில் கனமாக விழுந்திருக்கும். ரவிக்கையின் கழுத்து எங்கே முடிகிறது என்பது அந்தப் பின்னலுக்கு அடியில் இருக்கிற சங்கதி.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண் லிப்ஸ்டிக் போடலாமா என்று அவளிடம் யோசனை கேட்டாள். ராமாமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போட்டா, போட்டிருக்கறான்னு தெரிஞ்சு போயிருமுங்க அம்மணி. தெரியக் கூடாது. ஆனா இருக்கோணும்."

இந்தக் கொள்கைக்குப் பலன் இல்லாமல் இல்லை. அன்னூரிலிருந்து ஒரு வாஷர் வாங்க வந்த டீலர் வாஷரைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் ஒன்றரை மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து, சுவரில் மாட்டியிருந்த பம்பு விளம்பரத்தை வரி விடாமல் படித்தார். பர்சனல் மேனேஜர் சுந்தரராஜுலு நாளைக்குப் பத்துத் தடவை மணி பார்க்க முன்கூடத்துக்கு வருவார். கடிகாரம் ராமாமணியின் தலைக்கு மேலே இருக்கிறது. அவருடைய அறையிலும் ஒரு கடிகாரம் உண்டு, அது சரியான நேரம்தான் காட்டுகிறது. ஆனாலும் மனிதர் வருவார், பார்ப்பார், "மணி ஆயிப்போச்சுங்க" என்று காற்றிடம் சொல்லிவிட்டுப் போவார். இதெல்லாம் ராமாமணிக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளமாட்டாள்.

தொண்ணூற்றைந்தில் கோயம்புத்தூர்க் கம்பெனிகளுக்கு ஐ.எஸ்.ஓ. காய்ச்சல் வந்தது. அந்தத் தரச் சான்றிதழ் இருந்தால்தான் வெளிநாட்டில் பம்பு விற்கலாம். எதைச் செய்தாலும் எழுதி வைக்க வேண்டும், எதை எழுதினாலும் அளவு போட வேண்டும். ஸ்கேலுக்கும் தராசுக்கும் "இது சரியாக அளக்கிறது" என்று கேலிபரேஷன் சீட்டு ஒட்டினார்கள். கழிவறை வாளிக்குக்கூட ஒரு நம்பர் கிடைத்தது. இந்தக் காய்ச்சல் உச்சியில் ஏறியிருந்த ஒரு மத்தியானம், சுந்தரராஜுலு ராமாமணியைக் கூப்பிட்டு நோட்டை எடுக்கச் சொன்னார்.

"எழுதிக்குங்க அம்மணி. சர்க்குலர் நம்பர் பதினாலு. மகளிர் ஊழியர்களின் உடை குறித்து." விட்டத்தைப் பார்த்தபடி சொன்னார். "வெளியூர்லிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வாராங்க பாருங்க. ஒரு கட்டுப்பாடு வேணுமல்ல."

"வேணுமுங்க சார்."

பாவம், அவர் பர்சனலுக்கு வரும்வரை பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் வரைபடமே பார்த்த மனிதர். ரவிக்கையும் அதே பாஷையில்தான் வந்தது. ரவிக்கை முதுகுக் கழுத்து ஆழம் ஆறு அங்குலம், கூட்டல் கழித்தல் கால் அங்குலம். அதற்கு மேல் ஆழம் போனால் மெமோ. மூன்று மெமோ சேர்ந்தால் டெஸ்பாட்ச் செக்‌ஷனுக்கு மாற்றம்.

ராமாமணியின் பென்சில் அங்கே ஒரு கணம் நின்றது. டெஸ்பாட்ச் என்பது இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியை ஒட்டின தகரக் கொட்டகை. காலையில் வெள்ளைச் சேலை கட்டிப் போனால் சாயங்காலம் கரிச்சட்டி துடைத்த துணியோடு திரும்பலாம். யாருக்காக இந்தச் சர்க்குலர் என்பது அவளுக்குப் புரிந்தது. தன்னைத் துரத்தும் உத்தரவைத் தன் கையாலேயே எழுதச் சொல்கிறார். எழுதினாள். டைப் அடித்து, பிழை பார்த்து, ஒன்பது பிரதி எடுத்து, நோட்டீஸ் போர்டிலும் அவளே ஒட்டினாள்.

அந்த வாரம் கோட்டைமேட்டில் அப்துல் கையூமின் தையல் கடையில் ரவிக்கைகள் குவிந்தன. அந்த ஆபீஸின் ஒன்பது பெண்களுக்கும் அவர்தான் தையல்காரர். பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்தால் போதும், தைத்துவிடுவார். கணக்குப் பிரிவு லட்சுமியம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு, முதுகில் காற்றுப் பட வேண்டும் என்று ஒன்பதரை அங்குலம் வைத்திருந்தார். இருபது வருஷமாக அந்த ஒன்பதரையை ஒருவர்கூடக் கவனித்ததில்லை.

"எட்டுப் பேத்துக்கு ஒட்டு வெச்சுத் தைக்கோணுமுங்க" என்றார் அப்துல் கையூம், ராமாமணியின் பையை வாங்கிப் பார்த்துவிட்டு. "நீங்க எதுக்குங்க வந்தீங்க? உங்குளுக்கு அஞ்சு இஞ்ச்சுதான். அஞ்சுக்கு மேல நீங்க எப்பவும் போனதேயில்லீங்களே."

ராமாமணி கடைக்குள் வேறு யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்க பாய். வெளிய சொல்லிப்போடாதீங்க."

"நல்ல சேதிதானுங்க, சொன்னா என்னங்க?"

என்ன என்று அவருக்கு எப்படிப் புரியும். ஐந்து அங்குலம் என்பது சத்துணவு அமைப்பாளரின் அளவு. அது வெளியே தெரிந்தால் இருக்கை பிழைக்கும், பின்னலுக்கடியில் என்னவோ இருக்கிறது என்று பதினொரு வருஷமாகக் கட்டிக்காத்த பேர் போய்விடும். தெரியாமல் வைத்தால் பேர் பிழைக்கும், தகரக் கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். ராமாமணிக்கு இரண்டும் வேண்டியிருந்தது. போகும்போது பழைய இஞ்ச் டேப்பு ஒன்று கேட்டு வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் மெமோ திங்கட்கிழமை வந்தது: கழுத்தாழம் எட்டு அங்குலம். இரண்டாவது வியாழக்கிழமை. அதிலும் எட்டு.

"அளந்து பாத்தீங்களாங்க சார்?" என்று மட்டும் கேட்டாள்.

"அளக்கோணுமாங்க? பாத்தாலே தெரியுதல்ல" என்றார் சுந்தரராஜுலு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே ஐந்து என்று சொல்லி அழுதிருப்பாள். ராமாமணி கையெழுத்துப் போட்டு மெமோவை வாங்கி, ஐ.எஸ்.ஓ. கோப்பில் சேர்த்தாள். கோப்பு அவள் பொறுப்பு. அந்த மெமோக்களை அவள் ஆகக் கடைசியில் வைத்திருக்கலாம். மேலாக வைத்தாள்.

மெட்ராஸிலிருந்து வந்த ஆய்வாளர் ஒடிசலான மனிதர். வரவேற்பு மேஜையைக் கடந்தபோது ராமாமணியைப் பார்க்கவில்லை, தீயணைப்பு உருளையின் தேதியைப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் இப்படி ஒருவர் வந்ததில்லை. அவளுக்கு லேசாகச் சுருக்கென்றது. மேனேஜர் அறையில் அவர் கோப்பைத் திறந்தார். ராமாமணி குறிப்பெடுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"எட்டு அங்குலம்னு ரெண்டு மெமோ இருக்கே. எதை வெச்சு அளந்தீங்க?"

"அளக்கலீங்க சார். பாத்துச் சொன்னதுங்க" என்றார் சுந்தரராஜுலு.

"கண்ணாலயா?"

"ஆமாங்க."

ஆய்வாளர் எழுதிக்கொண்டே கேட்டார். "கண்ணுக்குக் கேலிபரேஷன் சர்டிபிகேட் இருக்கா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யத் தெரிந்த முகமும் இல்லை. அளந்த பதிவு ஒன்று காட்ட வேண்டும், இல்லையென்றால் சர்க்குலரையும் மெமோக்களையும் ரத்து செய்து எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டும் இல்லையென்றால் சான்றிதழ் நின்றுவிடும் என்று விளக்கினார். சுந்தரராஜுலு மேஜை டிராயரைத் திறந்து பார்த்து மூடினார்.

"அளந்துபோடலாமுங்க சார். ஆனா பாருங்க, இப்ப டேப்பு இல்லீங்க."

ராமாமணி பென்சிலைக் கீழே வைத்தாள். கைப்பையைத் திறந்து இஞ்ச் டேப்பை எடுத்து, சுருள் பிரித்து, கோப்பின்மேல் வைத்தாள். "எடுத்துக்குங்க சார்" என்றாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மேனேஜருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்துக்கொண்டாள். முதுகில் பின்னல் கிடந்தது. அதை விலக்கினால்தான் அளக்க முடியும்.

சுந்தரராஜுலு டேப்பைப் பார்த்தார். பின்னலைப் பார்த்தார். ஆய்வாளரின் பேனாவைப் பார்த்தார். கடைசியில், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்தடவையாக, தன் அறையின் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க அம்மணி" என்றார். "சர்க்குலர் பதினாலும் ரெண்டு மெமோவும்..."

"ரத்துன்னு போட்டுக்கட்டுங்களா சார்?"

"போட்டுக்குங்க."

ராமாமணி எழுதி முடித்தாள். பிறகு, திரும்பாமலே, இடது கையைத் தோளுக்கு மேல் பின்பக்கமாக நீட்டி உள்ளங்கையை விரித்தாள், டேப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள.