ஏழு தூதர்களின் வேம்பு

இரும்பை உப்புக்காற்று தின்றுவிடும் தீவில் கொடிக்கம்பத்துக்கு மேடை கட்டினேன், இன்னும் நிற்கிறது. மழைத்தண்ணீர் பிடிக்க இரண்டு தொட்டி கட்டினேன். கடல் இரண்டு முறை வந்து முட்டிப் பார்த்தும் அசையாத மதில் என்னுடையது. ஊருக்குத் திரும்பி, இந்தப் பென்னலூரில் பன்னிரண்டு அறை எழுப்பினேன். தெற்கத்திப் பிள்ளைகள் வாடகைக்குக் குடியிருந்து கார் கம்பெனி ஷிப்டுக்குப் போய்வருகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இவனால் ஆகாது என்று சொன்னவர்கள் எல்லாரும் வந்து பார்க்கலாம். ஆனாலும் எழுத உட்கார்ந்தது அந்த ஏழு வேப்பமரங்களுக்காகத்தான்.

நம் தூதரகம் அந்தத் தீவு நாட்டில் திறந்த வருடமே கொத்தனாராகப் போனேன். பிறகு குழாய், தோட்டம், கூரை எல்லாம் என் தலையில் விழுந்தன. ஏழு தூதர்கள் வந்து போனார்கள். நான் அங்கேயே இருந்தேன்.

புதிதாக வரும் தூதர் முதல் வாரத்தில் மதிலோரம் ஒரு வேப்பங்கன்று நடுவது முதல் தூதர் தொடங்கிவைத்த வழக்கம். நான் குழி வெட்டி வைப்பேன். அவர் மூன்று கை மண் தள்ளுவார், செம்பால் தண்ணீர் ஊற்றுவார், போட்டோ எடுப்பார்கள். எல்லாரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அது மண்ணே இல்லை, பவழத் தூள். முழங்கால் ஆழத்தில் உப்புத்தண்ணீர் ஊறும். முதல் கன்று ஒன்பதே நாளில் கருகியது. ஒருவர் வைத்த கன்று பட்டுப்போனால் அவருக்குக் கைராசி இல்லை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நாட்டின் பெயரைச் சுமந்து வந்த மனிதருக்கு அப்படி ஒரு பேச்சு வரலாமா? மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்குள் அதே உயரத்தில் வேறு கன்றை நட்டுவிட்டேன். யாருக்கும் தெரியாது. தார் டிரம்மைப் புதைத்து, அதற்குள் சமையலறைக் குப்பையும் மீன் செதிலும் மக்கவைத்து நிரப்பினேன். டிரம் துருப்பிடித்து உடைவதற்குள் வேர் உப்புக்குப் பழகிவிடும். ஓரிடத்தில் பிடிக்காவிட்டால் கொஞ்சம் தள்ளி நடுவேன்; எந்தக் கன்று எந்த இடத்தில் பிடித்ததோ அதுதான் அந்தத் தூதரின் மரம். அதனால் அவை வரிசையாக நிற்கவில்லை. எது யாருடையது என்று எனக்கு மட்டுமே தெரியும்.

நான்காமவருடைய கன்று மூன்று முறை பட்டுப்போனது. ஓய்வு பெற்றபின் மனைவியோடு தீவுக்கு வந்தவர், "என் மரம் எது?" என்று என்னைக் கேட்டார். காட்டினேன். கன்னத்தை அடிமரத்தில் வைத்துக்கொண்டு, "என் கையால வெச்சது. என்னை மறக்கலை பாரு" என்றார் மனைவியிடம். வெயில் இலைகளுக்குள் புகுந்து பச்சையாகி, இருவர் மேலும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் கையில் ஹோஸ் குழாயோடு நின்றிருந்தேன்.

போன வாரம் தூதரகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ஃபோன் செய்தார். தூதர்களின் வரலாறு புத்தகமாக வருகிறதாம். ஒவ்வொரு தூதரின் படத்தோடும் அவருடைய மரத்தின் படம். முன்னுரை அந்த நான்காமவருடையது. 'நம் தூதர்கள் வைத்த கன்று எதுவும் பட்டுப்போனதில்லை' என்று எழுதியிருக்கிறாராம்.

"எந்த மரம் யாருதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமாமே ஐயா?"

"வெச்சவங்களைக் கேக்கறியா, வளத்தவனைக் கேக்கறியாம்மா?"

சிரித்தார். "வெச்சவங்க போதும் ஐயா."

"அவங்க வெச்சது அஞ்சு நிமிசம். அப்பால யாரு பாத்தா? எம்பேரு எங்க வருது?"

"புத்தகம் தூதர்களைப் பத்தினது ஐயா. கடைசில 'ஊழியர்களுக்கு நன்றி'ன்னு பொதுவா போட்டிருக்கோம்."

"அப்ப மரத்தையே கேட்டுக்கோம்மா" என்று வைத்துவிட்டேன்.

கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி விடவில்லை. "இன்னாய்யா, ஃபோன்ல சண்டை? கடல் தாண்டிப் போயி ஏழு மரம் வளத்துக்கினு வந்த. இந்த வூட்டு வாசல்ல ஒரு நெழல் கீதா? அதுக்கு எவன் பேரைப் போடறது?"

"பன்னண்டு ரூம் கட்டினேன்ல?"

"ரூமு காத்து வீசுமா?"

வாசலில் உட்கார்ந்தேன். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு ஒரகடத்துப் பக்கமிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன. கண்ணை மூடினால் அந்த இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அலையாகிவிடும். மதில் தெரியும். மதில் மேல் ஏழு நிழல். அந்த நாட்களில் தண்ணீர் ஊற்றும்போது ஒவ்வொரு கன்றிடமும் அதன் தூதரைப் பற்றிப் பேசுவேன். அவர் எந்த ஊர், எதற்குச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்றெல்லாம். நான்காமவர் இதைப் படித்தால் மனம் கலங்க வேண்டாம். அந்த மரத்தை அவர் கை நட்டதில்லை. ஆனால் அதற்கு அவரைத் தெரியும். நான் சொல்லியிருக்கிறேன்.

புத்தகம் போடுகிற தூதரகத்தாருக்கு ஒன்று: அவர் எழுதிய வரியை அடிக்க வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரி வேண்டும்: இந்த ஏழு மரங்களையும் வளர்த்தவர் பென்னலூர்க் கொத்தனார் என்று, என் முழுப்பெயரோடு. எந்த மரம் யாருடையது என்று எழுதிய தாள் என் மேஜைமேல் தயாராக இருக்கிறது. என் பெயர் அச்சான பக்கத்தைக் காட்டுங்கள், தாளை அனுப்புகிறேன்.