ஆடியில் பொங்கிய பால்

திருத்தணிக்கு ரயில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். நாங்கள் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். என் மாமனார், என் இரண்டரை வயது மகள் வர்ஷா, நான். ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை 9.10-க்கு அம்பத்தூரில் புறநகர் ரயில். பயணச்சீட்டு இருபது ரூபாய். தூரம் அறுபத்தெட்டு கிலோமீட்டர் இருக்கும்.

மாமா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பத்து நான்கு வருடம் லேத் இயந்திரத்தில் நின்றவர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. திருத்தணியில் ஒரு சிறு வீட்டை வாங்கி, ஆனி மாதமே பத்திரம் பதிந்துவிட்டார். அம்பத்தூர் வீடு அப்படியே இருக்கும். ஆவணியில் அத்தை வந்து பால் காய்ச்ச வேண்டும், பிறகு இருவரும் ஆறு மாதம் அங்கே இருந்து பார்க்க வேண்டும், ஒத்துவந்தால் அங்கேயே, இல்லையென்றால் திரும்பிவிடுவது. இதுதான் ஏற்பாடு. ஆனால் முழங்கால் வலியால் அத்தை இன்னும் வீட்டைப் பார்க்கவே இல்லை.

"நீ போயி பாத்துட்டு வந்து சொல்லு. அவரு கண்ணுக்கு எல்லாமே நல்லாத்தான் தெரியும். நீ வேணாம்னா நான் வரமாட்டேன்" என்று அத்தை சொல்லிவிட்டார்.

இதில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை வர்ஷாவைப் பார்த்துக்கொள்வது அத்தை. அவர் திருத்தணிக்குப் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று என் கணவர் உட்பட வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஓய்வு பெறுகிறவரின் ஆசைக்கு நடுவில் என் கவலையை எப்படி வைப்பது? வீட்டில் ஏதாவது ஒரு பெரிய குறை இருந்துவிடாதா என்று ரயிலில் உட்கார்ந்து நினைத்தேன். நினைத்த உடனே வெட்கமாக இருந்தது.

திருவள்ளூர் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. மணவூரில் ஒரு பெண் இரண்டு கூடை கீரையோடு ஏறினார். வர்ஷா சன்னல் கம்பியை நக்காமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாக இருந்தது. என் பையில் மாற்றுத் துணி மூன்று, காய்ச்சல் மருந்து, கொதித்து ஆறிய தண்ணீர், குடுவையில் பால், ஒரு மின்சாரக் கெட்டில். "ஒரு நாளுக்கா இவ்வளவு?" என்று மாமா சிரித்தார்.

காலை 10.55. திருத்தணி. வெளியே ஆட்டோக்காரர்கள் "மலைக்கா, மலைக்கா" என்றார்கள். மாமா வீட்டுத் தெருவைச் சொன்னார். எண்பது ரூபாய். நான் கைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அரசு மருத்துவமனை வழியாகப் போகச் சொன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இன்னாமா, குடி வரவங்க கோயில் எந்தப் பக்கம்னு கேப்பாங்க. நீ ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்டுகினு வர."

"வயசானவங்க வரப்போறாங்க, அதான். திடீர்னு நெஞ்சு வலின்னா இங்க பார்ப்பாங்களா?"

"ஆங், பாப்பாங்க. பெரிசா எதுனா இருந்தா திருவள்ளூருக்கு அனுப்பிடுவாங்க, இல்லாங்காட்டி மெட்ராசு. உனுக்கு இன்னாத்துக்கு அந்தப் பேச்சு, நல்ல நாளும் அதுவுமா?"

மருத்துவமனை வாசலிலிருந்து வீட்டுக்கு ஏழு நிமிடம். எழுதிக்கொண்டேன்.

வீடு கே.ஜி.கண்டிகைப் பேருந்துகள் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் நான்காவது. ஒரு கூடம், ஒரு அறை, சமையலறை, மொட்டை மாடி. வாசலில் இரண்டே படி. அத்தையின் முழங்காலுக்கு அது போதும். அறைச் சன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. படியேறுகிறவர்கள் புள்ளி புள்ளியாக நகர்வதும் தெரிகிறது. மாமா அந்தச் சன்னலுக்கு நேரே என்னை நிறுத்தினார்.

நான் தேடி வந்த குறை அப்போதுதான் காதில் விழுந்தது. பக்கத்து வீட்டில் விசைத்தறி. ஒரு சுவர்தான் நடுவில். கை வைத்தால் சுவர் அதிர்ந்தது.

"மாமா, ராத்திரியும் ஓடுமா இது?"

"எட்டு மணிக்கு நிறுத்திடுவாங்களாம்." அவரும் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "முப்பத்து நாலு வருசம் மெஷின் சத்தத்துல நின்னுட்டு, ரிட்டயர் ஆகி சத்தமே இல்லாம உக்காந்தா பைத்தியம் புடிச்சிடும்மா. இது பரவால்ல."

அத்தைக்குப் பரவாயில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. 'தறிச் சத்தம், இரவு எட்டு வரை' என்று எழுதிக்கொண்டேன்.

பகல் 12.30-க்குச் சாலையோர உணவகத்தில் சாப்பாடு, எண்பது ரூபாய். திரும்பி வந்து தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவருக்காகக் காத்திருந்தோம். மதியம் என்று சொன்னவர் இரண்டே முக்காலுக்கு வந்தார். மாமா அவரோடு மாடிக்குப் போனார். தூங்கி எழுந்த வர்ஷா பால் கேட்டு அழ ஆரம்பித்தாள். குடுவையைத் திறந்தேன். வெயிலில் பால் திரிந்து போயிருந்தது.

தெருமுனைக் கடையில் அரை லிட்டர் பாக்கெட் வாங்கி வந்தேன். கெட்டிலைச் சொருகி, பாலை ஊற்றி, பொத்தானை அழுத்தினேன். கெட்டிலில் பால் காய்ச்சக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவளைத் தூக்கிச் சன்னலில் மலையைக் காட்டிவிட்டுத் திரும்புவதற்குள், மூடியைத் தள்ளிக்கொண்டு பால் பொங்கி, கெட்டிலைச் சுற்றித் தரையெல்லாம் வழிந்தது. பாய்ந்து சொருகியைப் பிடுங்கினேன்.

வர்ஷா அழுகையை நிறுத்திவிட்டுக் கைதட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பால் காய்ச்சாத புது வீடு. ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். மணி மூன்று இருபது. அத்தை தன் கையால், நல்ல நாளில், நல்ல நேரத்தில் முதன்முதலாகப் பொங்கவைக்க வேண்டிய பாலை நான் பொங்கவைத்துவிட்டேன்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். தலைமுடியெல்லாம் நூல் துகள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி, குழந்தை அழும் சத்தம் கேட்டு வந்தவர். தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அய்ய, பால் பொங்கிடுச்சா? எந்தப் பக்கமா பொங்குச்சி, கிழக்கால பொங்குனா நல்லதாச்சே?"

"தெரியலைங்க. நான் பாக்கல."

"பாவா! தறிய நிறுத்து சித்த!" என்று தன் வீட்டைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. பாவா என்றது கணவரை. தறி நின்றது.

கஸ்தூரி குனிந்து கெட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இப்போ மூஞ்ச தொங்க போட்டுகினு நிக்கற? அடுப்புல, பாத்திரத்துல பொங்குனாத்தான் கணக்கு. இது கரண்டு பாலு. கணக்குல வராது."

"நிஜமாவா?"

"எனுக்கு இன்னா தெரியும்? உன் மாமியாருக்கு நான் சொன்னேன்னு சொல்லிடு." சிரித்துக்கொண்டே, மிஞ்சிய பாலைத் தம்ளரில் ஊற்றி ஆற்றி வர்ஷாவிடம் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்தாள்.

மாமா இறங்கி வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து, முழங்காலிட்டு, தரையைத் துடைத்தார். நான் வாங்கப் போனபோது தரவில்லை. பின்பு மணி கேட்டார். சொன்னேன். துண்டைப் பிழிந்துகொண்டே நின்றார்.

"உங்க அத்தைகிட்ட நீயே சொல்லிடும்மா. நான் சொன்னா பாதிய முழுங்கிடுவேன்."

மாலை 4.50-க்குத் திரும்பும் ரயில். மலைக்குப் போகவில்லை. "அவரு எங்கயும் போயிட மாட்டாரு" என்றார் மாமா. ஈரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். ஆட்டோக்காரரிடமும் தறியிடமும் நான் தேடிக் கிடைக்காத பெரிய குறை என் கைக்கு வந்துவிட்டது. 'ஆடியில், ராகு காலத்தில், பால் பொங்கிவிட்டது அத்தை' என்று நடுங்கும் குரலில் சொன்னால் போதும். அத்தை அந்த வாசலை மிதிக்க மாட்டார். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. மணவூர் தாண்டும்போது அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லா விதத்திலும் அது உண்மையாகவே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாலை 6.40. அம்பத்தூர். அத்தை சமையலறையில் வர்ஷாவுக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தார். மாமா குளிக்கப் போய்விட்டார். நான் எழுதி வந்ததை வரிசையாகப் படித்தேன். வாசலில் இரண்டு படி. மருத்துவமனை ஏழு நிமிடம்; பெரிய வைத்தியத்துக்குத் திருவள்ளூர். தறிச் சத்தம் எட்டு மணி வரை. பக்கத்து வீட்டுப் பெண் நல்லவர். பிறகு எழுதாததையும் சொன்னேன். மாதம், கிழமை, நேரம், கெட்டில், கரண்டுப் பாலுக்குக் கணக்கில்லை என்று கஸ்தூரி சொன்னது, எல்லாமே.

"பால்னா பால்தான். கரண்டு என்ன, கட்டை என்ன" என்றார் அத்தை. அடுப்பைக் குறைத்தார். "குழந்தை குடிச்சாளா?"

"குடிச்சா அத்தை."

"எந்தப் பக்கம் பொங்குச்சி?"

"பாக்கல."

"பாத்திருக்கணும்." பால் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நீ என்ன சொல்ற? நான் போலாமா, வேணாமா?" என்றார்.

"நல்ல வீடு அத்தை. போலாம்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "வர்ஷாவ யாரு பாத்துப்பாங்கன்னுதான் எனக்குப் பயம்."

அத்தை திரும்பிப் பார்த்தார். "இத கேக்க உனக்கு ரெண்டு மாசம் ஆச்சா? இந்த வீட்ட வித்துட்டு அங்க பெரிசா வாங்கலாம்னாரு. நான்தான் விக்க விடல. அவரு ஊரப் பாக்க ஆறு மாசம்னு நெனச்சுகினு இருக்காரு. அந்த ஆறு மாசம் உனக்கும்தான். முடியலன்னா போன் பண்ணு, ரயிலு ரெண்டு மணி நேரம்தானே, வந்துடறேன். ஆனா முடியுதான்னு மொதல்ல பாரு."

"பால் விஷயம்?"

"ஆவணில மறுபடியும் காய்ச்சுவோம். நீயே காய்ச்சு. இந்தத் தடவ கண்ண எடுக்காத."

என்னால் முடியுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அத்தை வர்ஷாவைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனதும், அடுப்பின் முன் நின்றேன். ஆறு வருடமாக இந்த அடுப்பில் சமைக்கிறேன். அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து மேடை மேல் வைத்தேன். முள் ஆடிக்கொண்டே இருந்தது. அது நிற்பதற்குள் பால் பொங்கி வந்தது. இந்த முறை பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்பைத் தொடும்போது அணைத்தேன்.