போஸ்டருக்குள் வந்த முகங்கள்

கணினிக்கு முன்னால் குந்தியிருந்து கண் கெட்டுப்போன சகோதரங்களே, போஸ்டர் டிசைன் என்பது அடுத்தவர் தலைக்குள் இருக்கிற படத்தை நம் திரையில் கொண்டுவந்து காட்டி, "இது இல்ல" என்று பேச்சு வாங்கிக்கட்டும் தொழில் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏஐ வந்தபிறகு வேலை சுகமாகிவிட்டது. ஆனால், கேட்காத ஆட்களும் படத்துக்குள் வந்து நிற்கிறார்கள். கல்முனையில் என் கடைக்கு அப்படி வந்த சிலரைப் பற்றிச் சொல்கிறேன்.

மெச் பார்க்காத கூட்டம்

நிந்தவூரில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் றிஸ்வான், கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குப் போஸ்டர் கேட்டு வந்தார். பின்னணியில் ஆரவாரம் செய்யும் சனக்கூட்டம் வேண்டுமாம். ஏஐயிடம் எழுதிக் கொடுத்தேன். அவருடைய தேத்தண்ணி ஆறுமுன் கூட்டம் வந்துவிட்டது. கொடி இருந்தது, தொப்பி இருந்தது, உயர்த்திய கைகளும் இருந்தன. றிஸ்வான் குனிந்து பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். துடுப்பாட்டக்காரன் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருக்க, அத்தனை பேரும் நேரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

திரும்பவும் செய்வித்தேன். இந்தமுறை எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள், கடைசி வரிசையில் நின்ற வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவரைத் தவிர. மூன்றாம் தரமும் அவர் அதே இடத்தில் நின்றார். றிஸ்வான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிவிட்டார்.

"அந்த மனுசன வெட்டிருங்க காக்கா, எனக்கு வீட்ட போகணும்."

திறந்த கண்

பாண்டிருப்பிலிருந்து ஒரு அக்கா, மகளோடு வந்தார். கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் வருகிறது. நினைவஞ்சலிப் போஸ்டர் வேண்டும். கையில் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்று. வயல் வாடிக் குடிலில் சாய்ந்து நித்திரை கொள்ளும்போது மகள் போனில் எடுத்தது. "கண்ணத் திறக்கச் செய்யலாம்தானே அண்ணன்?" என்று மகள் கேட்டாள். செய்தேன். தோலின் சுருக்கம் தெரிய, வெளிச்சம் சரியாக விழ, மனிதர் விழித்துக்கொண்டார். மகள் அழத் தொடங்கினாள். எனக்கும் என் வேலை திருப்தியாகத்தான் இருந்தது.

அக்கா அழவில்லை. திரையைப் பார்த்தபடியே ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார். பிறகு மற்றப் பக்கம் போய் நின்று பார்த்தார். கடைசியில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"இது அவர்ர கண் இல்ல தம்பி. ஆரோ அவர்ர முகத்துக்குள்ள இருந்து என்னைப் பாக்கிறாங்க. மூடி விடுங்க."

காணவில்லை

சித்தி உம்மா என்ற தாய் மருதமுனை ஆள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அவர் கையிலிருந்து மூன்று வயது மகன் பவாஸ் போனான். அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவில்லை, அதனால் அவரும் நம்பிக்கையை விடவில்லை. அவனுடைய சின்ன வயதுப் படத்தைக் கொண்டுவந்து, "இப்ப எப்பிடி இருப்பான் எண்டு போடுங்க தம்பி" என்றார். ஏஐ அவனை வாலிபனாக்கியது. மெல்லிய தாடி, இடப்பக்கம் வகிடு. அவர் திரையைத் தடவிப் பார்த்தார். போஸ்டர் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை பஸ் தரிப்பிடமெல்லாம் ஏறியது.

சில வாரம் கழித்து ஒரு வாலிபன் கடைக்குள் வந்தான். நான் எழும்பி நின்றுவிட்டேன். அதே தாடி, அதே வகிடு, அதே முகம். சம்மாந்துறைப் பொடியன், பெயர் இர்பான். உம்மாவும் வாப்பாவும் வீட்டில் இருக்கிறார்கள். கடல் வந்ததற்குப் பிறகு பிறந்தவன். பஸ்ஸில் ஏறினால் ஆட்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்களாம். மெஷின் கற்பனையாகக் கீறிய முகம் என்று விளக்கினேன். "அப்ப என்ட முகத்த அதுக்கு ஆரு குடுத்த?" என்று கேட்டான்.

சித்தி உம்மாவைக் கூப்பிட்டோம். அவர் வாசலில் நின்று அவனை நெடுநேரம் பார்த்தார். ஓடிவந்து கட்டிப்பிடிப்பார் என்று பயந்தேன். அவர், "உங்கட உம்மாக்கு ஸலாம் சொல்லுங்க மகன்" என்று அவனை அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"போஸ்டரக் கழட்டுங்க தம்பி. கண்ண மூடினா இந்தப் பொடியன்ட முகம்தான் வருது; என்ட புள்ளட முகம் இப்ப வருதே இல்ல."

எதைக் கேட்டாலும் "இல்லை" என்று மறுக்க மெஷினுக்குத் தெரியாது; அன்றுவரை எனக்கும் தெரியாது. அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் கடையில் எனக்கு உட்கார இன்னும் ஒரு கதிரை மிஞ்சியிருக்கிறது.